மறு: சாஃப்ட் ஸ்டார்ட் – ‘மென்தொடக்கம்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் கடல் காற்றாலைத் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘குமிழித்திரை’க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதை முடிந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். காற்றாலையின் அடித்தளத் தூணை அடித்து இறக்கும்போது, அதைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாயை வளையமாகக் கிடத்திக் காற்றை அழுத்தி விடுகிறார்கள். மேலே எழும் குமிழிகள் ஓசையைச் சிதறடித்து மட்டுப்படுத்துகின்றன. பெயரைக் கேட்டாலே காட்சி தெரிகிறது. சிக்கல் சாஃப்ட் ஸ்டார்ட்டில்தான், அதாவது தூணை முதலில் லேசாக அடித்து, பலத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான்.

அதற்கு ‘மென்தொடக்கம்’ என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு ஒட்டவில்லை. கோவைப் பக்கம் மோட்டார் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்னவென்று சொல்லிவிடுவார்: மோட்டார் எடுத்த எடுப்பில் மின்சாரத்தை வாரி இழுக்காமல் மெல்ல வேகம் பிடிக்க வைக்கும் கருவி. அங்கே மென்மை மோட்டாரைக் காப்பாற்ற. கடலில் காப்பாற்ற நினைப்பது வேறு ஆளை.

வட கடலில் ஒரு காற்றாலைக்கு அடித்தளம் போடும்போது பல மீட்டர் விட்டமுள்ள எஃகுத் தூணை ஹைட்ராலிக் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். ஒரு தூணுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் விழும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல், வெகுதூரமும் போகும். அங்குள்ள கடற்பன்றி (டால்பினுக்கு உறவான சிறு பாலூட்டி) ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுத்தான் இரை தேடுகிறது. சின்ன உடம்பு, குளிர்ந்த கடல். நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருந்தால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். காது கெட்டால் பிழைப்பே போயிற்று.

அதனால் பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்புக் கூட்டுக்குழு 2010இல் வெளியிட்ட வழிமுறையில் ஒரு வரிசை இருக்கிறது. தூணைச் சுற்றிக் குறைந்தது 500 மீட்டர் தூரம் வரை 30 நிமிடம் கண்காணிக்க வேண்டும். விலங்கு எதுவும் இல்லையென்றால், குறைந்தது 20 நிமிடம் அடியின் பலத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் 10 நிமிடத்துக்கு மேல் வேலை நின்றால் எல்லாம் முதலிலிருந்து. ஜெர்மனி இதோடு விடவில்லை. தூணிலிருந்து 750 மீட்டரில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்துவிட்டது. (நீர் டெசிபெல் கணக்கு வேறு, கல்யாண மண்டப ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.) குமிழித்திரை அங்கே பரவியதற்கு அந்த வரம்புதான் காரணம்.

அந்த 20 நிமிடத்து வேலை, ‘பெரிய அடி வருகிறது, விலகிப் போ’ என்று விலங்குக்குச் சொல்வது. சொல்லில் அந்தச் சேதி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். முதலில் ‘அறைதல்’ நினைவுக்கு வந்தது. ஓங்கி அடிப்பதற்கும் அதே சொல், முரசறைந்து அறிவிப்பதற்கும் அதே சொல். ‘முன்னறைவு’ என்று எழுதிப் பார்த்துக் கொஞ்ச நேரம் பூரித்துப் போயிருந்தேன். அப்புறம் வீட்டில் படித்துக் காட்டினால், “முன்னறையில் என்ன?” என்று கேட்கிறார்கள். பிழை திருத்துபவர் கையில் கிடைத்தால் ‘முன்னறிவு’ ஆகிவிடும். விட்டுவிட்டேன்.

தமிழில் அடியின் பலத்துக்கு ஏற்பச் சொற்கள் உண்டே: தட்டு, அடி, அறை. உள்ளே போகுமுன் கதவைத் தட்டுகிறோம். ஆகவே என் பரிந்துரை: முன்தட்டல். புணர்ச்சிப்படி ‘முன்றட்டல்’ அல்லவா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், ‘முன்தேதி’யை யாரும் ‘முன்றேதி’ என்று எழுதுவதில்லை.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்றால், 2024 ஜூனில் குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு மத்திய அமைச்சரவை நிதியுதவி ஒப்புக்கொண்டது. பாக் விரிகுடாவில் 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமும் நம்மிடம் இருக்கிறது. நாளைக்கு மீனவர் கூட்டத்தில் அறிக்கையைப் படிக்கும்போது ‘மென்தொடக்கம்’ என்றால் யாருக்கு என்ன புரியும்?

* * *

ஐயா, நான் துறைமுக வேலைகளில் பைல் (அடித்தளத் தூண்) அடித்தவன். உங்கள் சொல்லுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மண்ணில் பைல் நிலை கொள்ளும் வரை நாங்கள் எப்போதும் லேசாகத்தான் அடிப்போம். அது பைல் சாயாமல் இருக்க. ‘மென்தொடக்கம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால், “அதைத்தான் வழக்கமாகச் செய்கிறோமே” என்று காண்ட்ராக்டர் தப்பித்துக்கொள்வார். “முன்தட்டல் முடிந்ததா?” என்று சைட்டிலும் கேட்கலாம், வாயில் நிற்கிறது.

ஒரு தயக்கம் மட்டும். தண்ணீரைத் தட்டி மீனை வலைப்பக்கம் விரட்டுகிற பழக்கம் பல ஊர்களில் உண்டு. கடலில் தட்டுவது என்றால் மீனவர்கள் அதைத்தான் நினைப்பார்கள்.

* * *

நினைக்கட்டுமே! தட்டினால் மீனும் ஓடும் என்பது உண்மைதானே. கடற்பன்றி விலகும் அதே 20 நிமிடத்தில் அவர்களுடைய மீனும் எங்கே போகும், எப்போது திரும்பும் என்று கூட்டத்தில் அவர்கள் கேட்டால், அது அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. குட்டியோடு நீந்தும் விலங்கு எவ்வளவு தூரம் விலக முடியும்? ஒட்டிக் கிடக்கும் சிப்பி எங்கே போகும்? தட்டிவிட்டோம் என்பதற்காக அடி குறைவதில்லை. ஓசை நேரம் கூடுகிறது. எனவே பட்டியலில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்:

முன்தட்டல்: கடலடியில் தூணை முழு பலத்தோடு அடித்து இறக்குமுன், விலங்குகள் விலகிப்போக அவகாசம் தந்து, அடியின் பலத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுதல். குமிழித்திரைக்கு மாற்று அன்று.

கடைசி வரி வேண்டாம் என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.