இரண்டு தளத்துக்கும் கார்பன் டை ஆக்சைடு வித்தியாசம் 34 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 34 பங்கு), ஆனால் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு) 0.000. எங்கே இடிக்கிறது?

கேள்வி (மேல்தளம்): அலுவலகத்தில் தளத்துக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்து, 10 வேலை நாள், தினம் 8 மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்தோம். ஒவ்வொன்றிலும் 4800 வரி. மேலே சராசரி 846, கீழே 812. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை போட்டால் பி மதிப்பு 0.000! மேல் தளத்தில் காற்றோட்டம் மோசம் என்று எழுதச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை.

வரைபடப்பிரியன்: எழுதாதீர்கள். 10:01-க்கு 850 என்றால் 10:02-க்கும் அதை ஒட்டித்தான் இருக்கும், அறைக்காற்று ஒரு நிமிடத்தில் மாறிவிடாது. டி சோதனையோ ஒவ்வொரு வரியும் தனித்தனிச் சாட்சி என்று நம்பிவிடுகிறது. அடுத்தடுத்த அளவுகளின் ஒட்டுறவு (ஒன்று மற்றதை எவ்வளவு ஒட்டிப் போகிறது என்பது, முழுக்க ஒட்டினால் 1) 0.98 என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளின் 480 வரியை 0.02-ஆல் பெருக்கி 1.98-ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 5 வரும், அதாவது ஒரு நாளுக்கு 5 தனித்தனி அளவுக்குத்தான் சமம். அவ்வளவுதான் உங்கள் கையில் உள்ள தகவல். நாளுக்கு ஒரு சராசரி எடுத்து, மேலே கழித்தல் கீழே, அந்த 10 வித்தியாசத்துக்கு இணை டி சோதனை போடுங்கள்.

சென்சார்காரன்: அதற்கும் முன்னால், இரண்டு கருவியையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? இந்த வகை சென்சாரில் 50 பிபிஎம் பிழை சகஜம். பல கருவிகள், சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். இரவிலும் ஆள் இருக்கும் கட்டடத்தில் அது தப்பாகத்தான் போகும்.

மேல்தளம்: வைத்துப் பார்த்தேன். மேல் தளக் கருவி எப்போதும் 30 போலக் கூடுதலாகவே காட்டுகிறது! சரி, இன்னொன்று. அதே 8 மணி நேரத்தில் எடுத்த பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேல் போகாத நுண்தூசி) சராசரி 38, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 19. எதைப் போடுவது?

சென்சார்காரன்: அப்போ 34-இல் மிஞ்சுவது 4தான், அந்தப் பேச்சை விடுங்கள்.

வரைபடப்பிரியன்: இரண்டையும் போடுங்கள். தூசி அளவுகள் பெரும்பாலும் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டவை, அதாவது சில அளவுகள் மட்டும் மிக உயரமாக இருக்கும், மடக்கை எடுத்தால் ஓரளவு சமச்சீராகும். அதற்காக இடைநிலையை மட்டும் காட்டி உச்சங்களை மறைத்துவிடக் கூடாது, மூச்சில் போகும் மொத்தத் தூசியைச் சொல்வது சராசரிதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5-க்குச் சொன்ன, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கானது, உங்கள் 8 மணி நேரத்தை அதனோடு நேராக ஒப்பிட வேண்டாம். அப்புறம் நேர வரைபடம் போட்டு, உச்சம் தினமும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். துடைப்பம், பிரிண்டர், திறந்த ஜன்னல், ஏதாவது ஒன்று மாட்டும்.