நரேன் கார்த்திகேயன் 4ஆம் இடம் வந்த ரேஸ்: ஆறு கார் மட்டும் ஓடியது உண்மையா?

கனகபுரம்_பொடியன் எழுதியது:

வணக்கம். நான் போர்முலா 1 பார்க்கத் தொடங்கி அதிக காலம் இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மட்டும்தான். வெள்ளி, சனி நடக்கிற பயிற்சி ஓட்டம் எல்லாம் சும்மா நேரம் போக்குகிற வேலை என்று நினைத்து விட்டுவிடுவேன்.

போன கிழமை கிளிநொச்சி டவுனில் ஒரு நண்பனோடு வாய்த்தர்க்கம். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் 4ஆம் இடம் வந்து 5 புள்ளி எடுத்தவர் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "ஓடினதே ஆறு கார் மச்சான், அதில நாலாவது வாறது ஒரு விசயமோ" என்கிறான். தேடிப் பார்த்தால் அவன் சொன்னது சரி போலத்தான் இருக்கிறது, 20 கார் வந்து 14 கார் ரேஸ் தொடங்க முதலே உள்ளே போய்விட்டதாம். ஏன் போனது? மழையா, அணிகளுக்குள் சண்டையா? யாராவது அந்த வார இறுதியை வெள்ளிக்கிழமையில் இருந்து ஒழுங்காகச் சொல்லுங்கோ. அந்த 4ஆம் இடத்தை நான் இனியும் பெருமையாகச் சொல்லலாமா, வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா நல்லது?


பரந்தன்சந்தி எழுதியது:

தம்பி, மழை இல்லை. சண்டை இருந்தது, ஆனால் அது பிறகு வந்தது. தொடக்கம் ஒரு ரயர்.

2005 ஜூன் 17, வெள்ளிக்கிழமை, இன்டியானாபொலிஸ். அமெரிக்கர்கள் சுற்றிச் சுற்றி ஓடுகிற பெரிய ஓவல் தளத்தில் ஒரு துண்டையும், உள்ளே போட்ட வளைந்த பாதையையும் சேர்த்துத்தான் அங்கே போர்முலா 1 நடக்கும். அந்த ஓவல் துண்டில் வருகிற கடைசி வளைவுக்கு 13 என்று இலக்கம். தெரு ஒரு பக்கம் தூக்கிக் கட்டப்பட்டிருக்கும், சரிவு 9 பாகைக்குச் சற்று மேல். கார்கள் அதில் முழு வேகத்தில் வரும், காலை எடுக்கவே மாட்டார்கள். வெள்ளி பின்னேரப் பயிற்சியில் ரால்ப் ஷூமாக்கரின் ரொயோட்டாவுக்கு இடது பின் ரயர் அந்த வளைவில் போய்விட்டது, கார் சுவரில் அடித்தது. முந்தின வருடமும் அதே வளைவில்தான் மனுசன் வில்லியம்ஸ் காரோடு அடிபட்டு, முதுகெலும்பில் காயப்பட்டு, கன ரேஸ் ஓடாமல் இருந்தவர். அதே வெள்ளிக்கிழமை ரொயோட்டாவின் சோதனை ஓட்டுநர் சொன்டாவுக்கும் ரயர் போனது. ஒன்று போனால் தற்செயல் என்று விடலாம், இரண்டு போனால் விடமுடியாது.

அந்தக் காலத்தில் ரயர் கொடுத்தது இரண்டு கம்பனி. மிஷலின் 7 அணிக்கு, பிரிட்ஜ்ஸ்டோன் 3 அணிக்கு. ரொயோட்டாவில் ஓடியது மிஷலின். அவர்கள் தங்கள் ரயர்களைக் கழற்றி ஆராய்ந்துவிட்டு, 13ஆம் வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் பத்துச் சுற்றுக்கு மேல் இது தாங்கும் என்று தங்களால் சொல்லமுடியாது என்றார்கள். ரேஸ் மொத்தம் 73 சுற்று! பிரான்சில் இருந்து வேறு வகை ரயர் கொண்டுவரப் பார்த்தார்கள். அந்த வருடச் சட்டப்படி தகுதிகாண் ஓட்டத்துக்கும் (யார் எந்த இடத்தில் நின்று தொடங்குவது என்று தீர்மானிக்கிற ஓட்டம்) ரேசுக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் ரயர்தான், இடையில் மாற்றமுடியாது, ஆகவே சர்வதேச மோட்டார் சம்மேளனம் மறுத்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அந்த வேறு வகையிலும் நம்பிக்கை இல்லை என்று மிஷலினே சொல்லியது.

சனிக்கிழமை எல்லாரும் ஒன்றும் நடக்காதது போலத் தகுதிகாண் ஓட்டம் ஓடினார்கள். முதலிடம் ரொயோட்டாவின் ஜார்னோ ட்ருல்லி. அந்த அணிக்கு 'போல்' என்கிற அந்த முதலிடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை, வந்த நேரத்தைப் பாருங்கோ.

ஞாயிறு காலை வரைக்கும் கூட்டம், கடிதம், திரும்பக் கூட்டம். 13ஆம் வளைவுக்கு முன் ஒரு தற்காலிக சிக்கேன், அதாவது நெளிந்து போகிற ஒரு சின்ன வளைவு, போட்டு வேகத்தைக் குறைப்போம் என்று ஒன்பது அணி சேர்ந்தது, பெராரி சேரவில்லை. சம்மேளனத் தலைவர் மாக்ஸ் மோஸ்லியும் முடியாது என்றார். சம்மேளனம் சொன்ன வழிகள் வேறு: மிஷலின் கார்கள் அந்த வளைவில் மெதுவாகப் போகட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றும் பிட் பாதைக்குள்ளால் (ரயர் மாற்ற, திருத்த கார் ஒதுங்குகிற ஓரப் பாதை) போகட்டும், இல்லையென்றால் ரயரை மாற்றிவிட்டுத் தண்டனையை ஏற்கட்டும். ஒருவரும் இறங்கி வரவில்லை.

பிறகு அந்த ஞாயிறு. 20 காரும் ஒழுங்காக வரிசையில் நின்று முன்னோட்டச் சுற்றுக்குப் போனது. சுற்று முடிகிற இடத்தில் ட்ருல்லி திரும்பி பிட்டுக்குள் போக, பின்னால் ஒவ்வொன்றாக 14 மிஷலின் காரும் உள்ளே. தொடக்கக் கோட்டில் மிஞ்சியது பெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. இடையில் வெறும் கட்டங்கள். காசு கொடுத்து வந்த சனம் லட்சத்துக்கு மேல் என்று கணக்கு, அவர்கள் கூக்குரல் போட்டார்கள், போத்தல் எறிந்தார்கள், கனபேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

ரேஸ் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பிட்டால் வெளியே வருகிற நேரம் பெராரி ஓட்டுநர்கள் மைக்கேல் ஷூமாக்கரும் பரிக்கெல்லோவும் உரசப் பார்த்து பரிக்கெல்லோ புல்லுக்குள் போனதுதான் ஒரே பரபரப்பு. ஷூமாக்கர் முதல், பரிக்கெல்லோ இரண்டு, ஜோர்டானின் மொன்டெய்ரோ மூன்று, அதே ஜோர்டானில் ஓடிய நம்ம நரேன் ஒரு சுற்றுப் பின்தங்கி நாலு. மினார்டி இரண்டும் அவருக்குப் பின்னால். அந்த முழு வருடத்திலும் ஷூமாக்கருக்குக் கிடைத்த ஒரே வெற்றி இதுதான், முதல் மூன்று பேர் ஏறுகிற பரிசு மேடையில் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். மொன்டெய்ரோ மட்டும் தனியே நின்று சம்பெயின் அடித்துக் கொண்டாடினார், அது நியாயம், போர்த்துக்கல்லுக்கு அதுதான் முதல் மேடை.

நான் இதை நேரடியாகப் பார்க்கவில்லை. சமாதான காலம், ஏ9 திறந்திருந்தது, ஆனால் எங்கள் பக்கம் கரண்ட் என்றால் ஜெனரேட்டர். ஆறு கார் ஓடுகிறதைப் பார்க்க நடுச்சாமத்தில் ஆர் எண்ணெய் எரிப்பான். பேப்பரில் சின்னதாக வந்தது, பிறகு வெளிநாட்டில் இருந்து மச்சான் அனுப்பின சீடியில்தான் முழுதும் பார்த்தேன்.


ரயர்கடை_வவுனியா எழுதியது:

அண்ணை வடிவாகச் சொல்லிவிட்டார். ரயர் ஏன் போனது என்ற இடத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன், தொழில் அதுதான் என்றபடியால்.

சாதாரண வளைவில் ரயர் பக்கவாட்டில் மட்டும் இழுபடும். தூக்கிக் கட்டின வளைவில் அதோடு சேர்த்து காரை அப்படியே தெருவுக்குள் அமத்துகிற பாரமும் வரும். அது வலது பக்க வளைவு, ஆகவே பாரம் முழுக்க இடது பக்கச் சில்லுகளில், முடுக்கமும் சேருவதால் இடது பின் சில்லு பாவம். அப்படி அமரும்போது தெருவில் படுகிற பகுதிக்கு ஒன்றும் நடக்காது, பக்கச் சுவர்தான் மடியும். மடிந்து விரிந்து மடிந்து விரிந்து சூடாகி உள்ளே இருக்கிற நூல் கட்டமைப்பு விட்டுக்கொடுக்கும். வெளியில் பார்த்தால் புது ரயர் மாதிரியே இருக்கும். காத்துக் குறைந்த ரயரோடு பாரம் ஏற்றிக்கொண்டு மாங்குளம் தாண்டி வந்த லொறிகளில் இதே முறிவைக் கண்டிருக்கிறேன், தேய்மானம் இல்லாமல் பக்கம் மட்டும் கிழிந்திருக்கும், சாரதி சத்தியம் பண்ணுவார் ரயர் புதுசு என்று.

இன்னொன்று, அந்தத் தளத்தின் மேற்பரப்பை வைரப்பல் பூட்டின இயந்திரத்தால் கீறிப் புதுப்பித்திருந்தார்கள், பிடிமானம் கூடியிருந்தது. பிடிமானம் கூடினால் வளைவில் வேகம் கூடும், வேகம் கூடினால் மேலே சொன்ன பாரமும் கூடும். பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அவர்களுடைய பயர்ஸ்டோன் ரயர்தான் அதே தளத்தின் ஓவலில் நடக்கிற இன்டி 500 ரேசில் ஓடுகிறது, அந்தப் புதுத் தெரு என்ன செய்யும் என்று அவர்களுக்கு முதலே தெரியும். மிஷலினுக்கு அது தெரிந்ததே வெள்ளிக்கிழமை பின்னேரம்தான். தம்பி, நீங்கள் பார்க்காமல் விடுகிற அந்தப் பயிற்சி ஓட்டம் இதற்குத்தான் இருக்கிறது.

ஒரே செட் ரயர் சட்டமும் சேர்ந்து கெடுத்தது. அதற்கு மூன்று கிழமைக்கு முன்னம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் ரெய்க்கோனன் என்ற ஓட்டுநர் முதலாவதாக ஓடிக்கொண்டு இருந்தார். ரயர் ஒன்று பிரேக்கில் தட்டையாகி அதிர்ந்து அதிர்ந்து, கடைசிச் சுற்றில் சஸ்பென்சன் (சில்லைக் காரோடு தாங்கிப் பிடிக்கிற பாகம்) முறிந்தே போனது. மாற்றியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. 2006இல் ரயர் மாற்றத்தைத் திரும்ப அனுமதித்தார்கள்.


குளக்கட்டு எழுதியது:

எல்லாரும் மிஷலினுக்கும் அந்த அணிகளுக்கும் பாவம் பார்க்கிற மாதிரி இருக்கிறது, எனக்கு அப்படி இல்லை. சரியான ரயர் கொண்டுவருவது யாருடைய வேலை? பெராரி, ஜோர்டான், மினார்டி மூன்றும் சட்டப்படி தாங்குகிற ரயரோடு வந்தன. மற்றவன் பிழையான ரயர் கொண்டுவந்தான் என்பதற்காக ஞாயிறு காலையில் தெருவையே மாற்று என்றால் எப்படி? எங்கள் சவாரித் திடலில் ஒருவன் மாட்டுக்குக் கால் சரியில்லை, ஆகவே திடலைக் குறுக்கு என்று கேட்டால் விடுவார்களா? ஒருவரும் ஓடிப் பார்க்காத புது வளைவு ஒன்றைச் சோதனை இல்லாமல் போட்டு அதில் ஒருவன் அடிபட்டுச் செத்தால் அந்தப் பழி யாருக்கு? மோஸ்லியைப் பிடிக்காது, ஆனால் அந்த நாளில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.


பரந்தன்சந்தி எழுதியது:

சட்டம் சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்த சனத்துக்கு ஒரு ஓட்டத்தைக் காட்டியிருக்கலாம். மிஷலின் கார்களுக்குப் புள்ளி இல்லை, சிக்கேனோடு ஓடுவோம் என்று கூட ஒரு பேச்சு வந்தது, அதையாவது பிடித்திருக்கலாம். மினார்டி முதலாளி போல் ஸ்டொடார்ட் ஓடவே விரும்பவில்லை. ஜோர்டான் ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் காரை விட்டார். தாங்குகிற ரயர் உள்ளவருக்கே அந்த ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் யோசியுங்கோ.

மிஷலின் பிறகு ரிக்கெற் காசைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது, அடுத்த வருட ரேசுக்கு 20,000 ரிக்கெற் வாங்கி அந்தச் சனத்துக்கே கொடுத்தது. அதைச் செய்தது நல்லது. 2006 முடிய போர்முலா 1ஐ விட்டே போய்விட்டார்கள். இன்டியானாபொலிசிலும் 2007தான் கடைசி.


குளக்கட்டு எழுதியது:

புள்ளி இல்லாமல் ஓடுகிறது என்றால் அது கண்காட்சி அண்ணை, ரேஸ் இல்லை. சரி, விடுவோம், இதில் நாங்கள் ஒத்துவரப் போவதில்லை.


கனகபுரம்_பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரயர்கடை அண்ணா சொன்ன பக்கச் சுவர் விளக்கம் எனக்கு இதுவரை ஒருவரும் சொல்லாதது. ஆனால் என்னுடைய கடைசிக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே? அந்த 4ஆம் இடம் மதிப்பானதா இல்லையா? நண்பன் வெள்ளிக்கிழமை திரும்ப வருவான், அவனுக்குச் சொல்ல ஏதாவது வேணும்.


ஒட்டுசுட்டான்_ரைடர் எழுதியது:

நேராகச் சொல்கிறேன். 20 காரும் ஓடியிருந்தால் நரேன் 4ஆம் இடத்துக்குக் கிட்டவும் வந்திருக்க மாட்டார், அவர் தகுதிகாண் ஓட்டத்தில் நின்றதே 19ஆம் இடத்தில். உங்கள் நண்பன் அதில் பிழை சொல்லவில்லை. ஆனால் களவெடுத்த புள்ளியும் இல்லை. அன்றைக்கு ஓடக்கூடிய கார், ஓடக்கூடிய ரயர் இருந்த ஆறு பேரில் அவர் ஒருவர், 73 சுற்று ரேசை முடித்தார், மினார்டி இரண்டையும் பின்னால் விட்டார், சக ஓட்டுநர் மொன்டெய்ரோவிடம் மட்டும் தோற்றார். அந்த ஒப்பீடுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஒரே காரில் அவர் முந்தியிருந்தால் மேடையே ஏறியிருப்பார். போர்முலா 1இல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை, அவருடைய வாழ்நாளில் எடுத்த மொத்தப் புள்ளியும் அந்த ஐந்துதான்.

ஆனால் நண்பனோடு வாதாட இந்த ரேசை எடுக்காதீர்கள், நல்ல ஆயுதம் வேறு இருக்கிறது. 2011 ஒக்டோபர் 30, டெல்லிக்குப் பக்கத்தில் புத் தளத்தில் நடந்த முதலாவது இந்திய கிராண்ட் பிரி. எச்ஆர்டி என்ற, களத்தில் ஆக மெதுவான கார்களில் ஒன்றில் நரேன் 17ஆம் இடம் வந்தார். அதே அணியில், அதே காரில் அவருக்குப் பின்னால் 18ஆம் இடம் வந்தவர் டானியல் ரிக்கியார்டோ, பிறகு ரெட்புல்லில் போய் ரேஸ் ரேசாக வென்ற அதே ரிக்கியார்டோ. பெரிய அணிகளும் எல்லாம் ஓடிய ரேஸ் அது, ஒருவரும் பிட்டுக்குள் திரும்பிப் போகவில்லை. அதைச் சொல்லிப் பாருங்கள், அதற்கும் சிரித்தால் தேத்தண்ணிக் காசை அவனையே கொடுக்க விடுங்கள்.