ஆல்டோ ரொமானோ மெட்டுப் பக்கம் போனது சரிவா?

பழைய ரிக்கார்டு:
என்னைக் கேட்டால், 1965இல் ஜாஸ் டிரம்பெட்காரர் டான் செர்ரியின் ஐவர் குழுவில் டிரம்ஸ் வாசித்த ரொமானோவோடு அவர் கதை முடிந்துவிட்டது. பாரிசில் 'மீன் பிடிக்கும் பூனை' என்று பொருள்படும் பெயர் கொண்ட நிலவறை கிளப்பில் வாசித்த குழு அது. காட்டோ பார்பியேரியின் சாக்ஸபோன் கூரையைப் பிய்க்கும். கார்ல் பெர்கர் வைப்ராஃபோனில் குறுக்கே புகுவார். அடியில் ரொமானோ எந்தத் தாளக்கட்டிலும் நிற்காமல் கொதித்துக்கொண்டிருப்பார். பிறகு என்ன? ராக் கலந்த டோட்டல் இஷ்யூ குழு, இனிப்பான மெட்டுகள், கடைசியில் சொந்தக் குரலில் பாட்டு. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். இந்தப் புலி பசிக்காமலே தின்றது.

நாணல்:
அவர் முதலில் பிடித்தது குச்சியை அல்ல, கிட்டாரை. 1941இல் வட இத்தாலியின் பெல்லூனோவில் பிறந்து, சிறுவயதில் பிரான்சுக்கு வந்தவர். டிரம்ஸ் பிறகு தானாகவே பழகியது. மெட்டு அவருக்குப் பிறந்த வீடு, ஐயா. நீங்கள் புகழ்வதுதான் அவர் விருந்தாளியாகப் போன இடம்.

மூன்றாம் வரிசை:
டிரம்ஸ்காரர் மெட்டமைத்து நிலைத்ததற்கு ஒரு பாட்டையாவது காட்டுங்கள், பார்க்கலாம்.

நாணல்:
'இல் கமீனோ'. அந்த மெட்டுக்குத்தான் பிரெஞ்சுப் பாடகர் குளோத் நூகாரோ வரிகள் எழுதி 'ரீம்' என்று பாடினார். வரிகளைக் கழற்றிவிட்டு முணுமுணுத்துப் பாருங்கள், மூச்சு விடுகிற இடங்கள்கூட மெட்டிலேயே இருக்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்று தாளக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பழைய ரிக்கார்டு:
நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல பாட்டு எழுத ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அந்த 1965 டிரம்ஸை வாசிக்க எத்தனை பேர் இருந்தார்கள்?

நாணல்:
சரி, டிரம்ஸுக்கே வருகிறேன். பியானோக்காரர் மிஷெல் பெத்ருச்சியானியின் 1981 மூவர் இசைத்தட்டு உங்களிடம் இருக்குமே? எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் கொண்ட, பதினெட்டு வயதுப் பையன். அவனை ஆவ்ல் இசைத்தட்டு நிறுவனத்தின் ழான்-ழாக் புசியோவிடம் கொண்டுபோய் நிறுத்தியவரே ரொமானோதான். பாஸ் வாசித்தவர் யார் தெரியுமா? உங்கள் செர்ரி குழுவின் அதே ஜென்னி-கிளார்க். அந்தக் கொதிப்பை நன்றாக அறிந்த இருவர், ஒரு பையனின் பியானோவுக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள். சிம்பல் ஒலியை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். பையன் பாயும்போது கூடவே ஓடும், அவன் தயங்கினால் நின்று திரும்பிப் பார்க்கும். இதைச் சரிவு என்றால் நான் என்ன சொல்வது!

மூன்றாம் வரிசை:
2004இல் டென்மார்க்கின் ஜாஸ்பார் என்ற ஜாஸ் விருது கிடைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ரிக்கார்டு:
விருதைக் காட்டி வாயை அடைக்க வேண்டாம். அதைவிட நல்ல சாட்சி என்னிடமே இருக்கிறது, எனக்கு எதிராகத்தான். 1990இல் கிளாரினெட் லூயி ஸ்கிளாவிஸ், பாஸ் ஆன்ரி டெக்சியே, புகைப்படக்காரர் கி லெ கெரெக் ஆகியோரோடு மத்திய ஆப்பிரிக்காவில் பயணம் செய்து வாசித்தாரே, அதில் இசைக்காரர் மூவரும் 1995இல் வெளியிட்ட தட்டில் பழைய கொதிப்பு மெட்டுக்குள்ளேயே கிடக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

நாணல்:
பாரிஸ்–ரோம் இரவு ரயிலின் பெயரில் பலத்தீனோ என்று பின்னால் ஒரு குழு வைத்திருந்தார், பாவ்லோ ஃப்ரேசு டிரம்பெட். அதையும் கேளுங்கள்.

பழைய ரிக்கார்டு:
கேட்கிறேன். அவர் பாடுகிற தட்டை மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள்.