முறுக்கு எண்ணெயில் பிரிந்து போகிறது: 500 கிராம் மாவுக்கு எத்தனை டம்ளர்?

தனிக்குடித்தனம்:
வீட்டில் தராசு இல்லை. குறிப்பில் அரிசி மாவு 500 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 2 டீஸ்பூன் என்று இருந்தது. கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் 500 கோடு வரை அரிசி மாவு, 100 கோடு வரை உளுந்து மாவு எடுத்தேன். எண்ணெயில் போட்டதும் நுரை பொங்கி, முறுக்கு நூல் நூலாகப் பிரிந்து அடியில் போய்க் கிடக்கிறது. உருப்படியாக வந்த இரண்டும் எண்ணெய் குடித்து உப்புக் கரிக்கிறது. பாதி மாவு அப்படியே மூடியிருக்கிறது, கொட்ட மனசில்லை.

அடுப்படி:
தம்பி, அந்தக் கோடு கிராமா, மில்லியா? வெண்ணெயை எப்படி அளந்தீர்கள்?

தனிக்குடித்தனம்:
மில்லி என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். வெண்ணெய், 100 கிராம் கட்டியில் சரிபாதி வெட்டிப் போட்டேன்.

அடுப்படி:
சரி, கோளாறு அங்கேதான். மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்குத்தான். 500 மில்லி அரிசி மாவு ஏறக்குறைய 300 கிராம்தான் இருக்கும், உளுந்து மாவும் 55, 60 கிராமுக்கு மேல் வந்திருக்காது. வெண்ணெய் மட்டும் சரியான எடையில் விழுந்துவிட்டது. 600 கிராம் மாவுக்கான வெண்ணெயும் உப்பும் 360 கிராம் மாவில்! வெண்ணெய் கூடினால் முறுக்கு பிரியத்தான் செய்யும்.

பொரியல்பிரியன்:
என் ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் அளக்கலாமா?

அடுப்படி:
அளக்கலாம், ஆனால் அது 180 மில்லி கப், அரிசி 150 கிராம்தான் பிடிக்கும். குறிப்புகளில் வரும் கப் 240 அல்லது 250 மில்லி. அந்த 240 மில்லி கப்பிலேயே சர்க்கரை 200 கிராம் வரும், மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120, 125 தான். கப்பைத் தட்டித் தட்டி நிரப்பினால் மைதா 150 வரைகூடப் போகும். அதனால் மாவுக்கு மட்டும் சலித்து, கரண்டியால் போட்டு, மேலே கத்தியால் வழித்து விடுங்கள்.

உழக்கு:
எங்கள் வீட்டில் கிராமே கிடையாது. எல்லாம் ஒரே ஆழாக்கில், இத்தனைக்கு ஒன்று என்ற கணக்கு. ஆழாக்கு பெரிதோ சிறிதோ, விகிதம் மாறாது. வம்பு வருவது பாதியைக் கிராமிலும் பாதியை டம்ளரிலும் எடுக்கும்போதுதான்.
தராசு வாங்கும் வரை ஒரு வழி: பிரிக்காத அரைக் கிலோ மாவு பாக்கெட் ஒன்றை வாங்கி, உங்கள் டம்ளரால் அளந்து பாருங்கள். எடையைக் கடைக்காரர் ஏற்கெனவே போட்டுவிட்டார், நீங்கள் டம்ளரை எண்ணினால் போதும். அந்த எண்ணை டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தனிக்குடித்தனம்:
எண்ணிவிட்டேன். என் டம்ளர் தண்ணீருக்கு 220 மில்லி. அரைக் கிலோ அரிசி மாவு மூன்றரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மீதி மாவை என்ன செய்ய?

அடுப்படி:
பாதிதானே மிச்சம்? முக்கால் டம்ளர் அரிசி மாவு, இரண்டு மேசைக்கரண்டி உளுந்து மாவு சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். உப்பு போட வேண்டாம். முதலில் ஒன்றே ஒன்று பிழிந்து பாருங்கள்.

தனிக்குடித்தனம்:
பிரியவில்லை அக்கா. உப்பும் சரியாகிவிட்டது. வடிவம்தான் முறுக்கு மாதிரி இல்லை, அதற்கு வேறு கேள்வி போடுகிறேன்.