18-க்கு அப்புறம் 12: கிளார்க்குக்குத் தம் இல்லையா?

வைகைத்தம்பி:
அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஐயோவா அணியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் பற்றிப் பக்கத்துத் திரியில் கணக்குப்புலி ஐயா ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: “2024 இறுதி ஆட்டத்தில் கெய்ட்லின் கிளார்க் முதல் பத்து நிமிடத்தில் 18 புள்ளி. மீதி முப்பது நிமிடத்தில் 12. தம் இல்லை, அவ்வளவுதான். பெண்கள் கல்லூரி அணிகள் எல்லாமே இப்படித்தான், கடைசியில் நாக்கு தள்ளிவிடும்.” படித்ததிலிருந்து வேலையே ஓடவில்லை. அன்று கிளீவ்லாந்தில் சவுத் கரோலினா 87, ஐயோவா 75. ஐயோவா தோற்றது, சரி. ஆனால் 40 நிமிடமும் வெளியே உட்காராமல் ஆடிய பெண்ணுக்கா தம் இல்லை?

கணக்குப்புலி:
நான்தான் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். 18, அப்புறம் 12. கழித்தல் கூட்டல் தெரிந்தவர்கள் பேசலாம்.

கோர்ட் கோமளா:
வாருங்கள் ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நான் கல்லூரி அணியில் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவளாக ஆடியவள். இப்போது பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பந்தை நீங்களே மேலே கொண்டுவர வேண்டும், அரைக் கோட்டைத் தாண்டும்போதே ஒருத்தி இடுப்போடு ஒட்டிக்கொண்டு வருவாள், பாஸ் கொடுத்துவிட்டு ஓடினால் ஸ்கிரீனில் (வழி மறித்து நிற்பவள்மேல்) தோள் இடிக்கும், திரும்பி வந்து டிஃபென்ஸும் ஆட வேண்டும். இதை 40 நிமிடம் செய்தவரைப் பார்த்துத் தம் இல்லை என்கிறீர்கள். 18 புள்ளி வாங்கிய பிறகும் எதிர்க் கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலி அவரே பாயிண்ட் கார்ட், ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். முதல் கால் பகுதி முடிந்ததும் கிளார்க்கை மூச்சுவிட விடாமல் ஆள் வைத்தார். 12 வந்தது டிஃபென்ஸால்.

கணக்குப்புலி:
டிஃபென்ஸை உடைக்கத் தம் வேண்டாமா அம்மா? தம் இருந்திருந்தால் உடைத்திருப்பார். உடைக்கவில்லை. 12.

கொலம்பியா குமார்:
நான் சவுத் கரோலினாவில் இருக்கிறேன், எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி யாருமே பேசவில்லையே! 37–0. எங்கள் பெஞ்சிலிருந்து மாற்றாக வந்தவர்கள் 37 புள்ளி, ஐயோவா பெஞ்ச் பூஜ்யம். டெஸ்ஸா ஜான்சன் என்று ஒரு முதலாம் ஆண்டுப் பெண், பெஞ்சிலிருந்து இறங்கி 19 அடித்தாள். ஒருத்தி களைத்தால் அடுத்தவள் குளித்துவிட்டு வந்த மாதிரி புதுசாக இறங்குவாள். ஸ்டாமினா என்றால் அதுதான். அந்த சீசன் 38 வெற்றி, 0 தோல்வி, ஞாபகப்படுத்துகிறேன்.

கோர்ட் கோமளா:
குமார், பெருமை இருக்கட்டும். 2023 அரையிறுதியை எந்த டிராயரில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? அன்றும் உங்களிடம் அதே நீளப் பெஞ்ச்தான். 36 வெற்றி, 0 தோல்வி என்று மார் தட்டிக்கொண்டு வந்தீர்கள். ஐயோவா 77, நீங்கள் 73. கிளார்க் 41. அன்று யாருக்கு நாக்கு தள்ளியது?

கொலம்பியா குமார்:
அதற்குத்தான் ஒரு வருடம் கழித்துக் கணக்குத் தீர்த்தோமே.

கோர்ட் கோமளா:
தீர்த்தது வேறு விஷயம். பெஞ்ச் நீளம்தான் காரணம் என்றால் 2023-ல் எப்படித் தோற்றீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

கணக்குப்புலி:
2023 இங்கே பேச்சே இல்லை. 18, 12. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பிசியோ பிரபா:
ஒரு நிமிடம். ஸ்டாமினா என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யலாமா? நீண்ட நேரம் நிதானமாக ஓடுவது ஒன்று. வேகமாகப் பாய்ந்து, நின்று, பத்து இருபது விநாடியில் மறுபடி அதே வேகத்தில் பாய்வது இன்னொன்று. கூடைப்பந்துக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஆனால் பாய்ச்சலுக்கு நடுவில் உடம்பு மீள்வதற்கு முதலாவதும் அடித்தளமாக வேண்டும். மாரத்தான் ஓடுகிறவர் கோர்ட்டில் பத்து நிமிடத்தில் திணறலாம். நீங்கள் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள்.

கணக்குப்புலி:
எல்லாம் ஒன்றுதான் டாக்டர். தம் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் 12.

ஓய்வுபெற்ற விசில்:
இங்கே எல்லோரும் 40 நிமிடம், 40 நிமிடம் என்று ஏலம் விடுவதால் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரி 40-ம் நம் ஊர் 40-ம் ஒன்றல்ல. இரண்டிலும் பத்து நிமிடம் நான்கு பகுதி, உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து நிமிடக் குறியைத் தாண்டியதும் பந்து நின்றால் டிவிக்காரனுக்கு ஒரு இடைவேளை. அதற்கு மேல் கோச் கேட்கும் இடைவேளை வேறு. ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்ததும் எறிந்துவிட வேண்டிய நேரம், 30 விநாடி. நம் பெண்கள் ஆடுவது சர்வதேச விதியில், 24 விநாடி, அட்டாக்கில் ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பிய பந்தை எடுத்தால் மறுபடி 14 மட்டும்தான். வேகம் தானாக ஏறும். டிவி இடைவேளையும் கிடையாது. ஆகவே 40 நிமிடம் ஆடினார் என்பதைக் கோவில் கட்டிக் கும்பிட வேண்டாம்.

கோர்ட் கோமளா:
விசில் சார், வழக்கம்போல விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். டிவி இடைவேளை எதிரணிக்கும்தானே? அவர்களும் அதே நேரம் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். உட்கார்ந்து எழுந்ததும் ஐயோவாவில் பெரும்பாலும் அதே ஆட்கள், அந்தப் பக்கம் புது ஆள். இடைவேளை யாருக்கு லாபம்?

ஓய்வுபெற்ற விசில்:
நான் சொன்னது விதி. லாப நட்டம் உங்கள் வேலை.

கொலம்பியா குமார்:
அக்கா, புது ஆள் வந்ததுதான் காரணம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். 37–0. நன்றி.

கோர்ட் கோமளா:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி. வாயில் வார்த்தையைத் திணிக்காதே. கிளார்க்குக்குத் தம் இருந்தது, அணிக்கு ஆள் இல்லை என்றேன். ஐயா சொல்வது கிளார்க்குக்குத் தம் இல்லை என்று. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

சுண்டல் பார்ட்டி:
நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, திரி மட்டும் படிக்கிறேன். இதுவரை கிளார்க்கைவிட கோமளா அக்காதான் அதிக நேரம் களத்தில் இருக்கிறார். இவரை வெளியே எடுக்க பெஞ்சில் ஆளே இல்லையா?

கணக்குப்புலி:
சிரிப்பு போதும். நான் இன்னொரு கணக்குத் தருகிறேன். கடைசிப் பகுதியில் ஐயோவா விரட்டி வந்து 80–75 ஆக்கியது. மீதி நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்கப்புறம் ஐயோவா எடுத்தது எவ்வளவு? 75-ல் நின்றது 75-லேயே முடிந்தது. ஒரு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) கூட இல்லை. நான்கு நிமிடம் பூஜ்யம்! இதற்கு என்ன பெயர்?

கோர்ட் கோமளா:
அதை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி ஐயா. தம் இல்லாத அணி சவுத் கரோலினா மாதிரி அணியை விரட்டிக்கொண்டு ஐந்து புள்ளிக்குள் வருமா? நான்காவது பகுதியில், அதுவும் 40 நிமிடம் ஆடுகிற ஆட்களை வைத்துக்கொண்டு? வந்தார்களா இல்லையா? அப்புறம் அந்த ரீபவுண்ட் கணக்கையும் பாருங்கள், 51–29. சவுத் கரோலினாவின் கமிலா கார்டோசோ ஆறடி ஏழு அங்குலம், தனியாக 17 ரீபவுண்ட். ஷாட் போகவில்லை என்றால் இரண்டாவது வாய்ப்பே கிடையாது. நான்கு நிமிடம் பூஜ்யம் உயரத்தால் வந்தது.

கணக்குப்புலி:
முதலில் டிஃபென்ஸ். அப்புறம் பெஞ்ச். இப்போது உயரம். அடுத்து அரங்கத்து ஏ.சி.யா? கிளார்க் 28 முறை எறிந்து 10 முறைதான் போட்டார். அந்தக் கையை உயரம் பிடித்து இழுத்ததா?

வைகைத்தம்பி:
ஐயா, ஒரே ஒரு முறை நேராகச் சொல்லுங்கள். கிளார்க் எந்த நிமிடத்தில் களைத்தார் என்று நீங்கள் பார்த்தீர்கள்? ஆட்டத்தைப் பார்த்தீர்களா, ஸ்கோர் அட்டையைப் பார்த்தீர்களா?

கணக்குப்புலி:
ஸ்கோர் அட்டை பொய் சொல்லாது தம்பி. எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலை) திரியிலும் இதையே கேட்டாய். “கபடிக்குக் கமெண்ட் எழுதப் போங்கள்” என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

வைகைத்தம்பி:
அது சுண்டல் பார்ட்டி சொன்னது. எல்.எஸ்.யூ.வை 94–87 என்று வென்றபோது கிளார்க் 41 அடித்தார். அன்று நீங்கள் காணாமல் போய்விட்டீர்கள், அதைத்தான் நான் கேட்டேன்.

சுண்டல் பார்ட்டி:
ஆமாம், நான்தான். இன்றும் அதே கருத்துதான்.

பிசியோ பிரபா:
ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கால் ஓய்ந்துபோனால் முதலில் ஓட்டம் குறையாது, எறிதல்தான் குட்டையாகும். தூரத்து ஷாட்டுக்கு வேகம் முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் வருகிறது. அந்த வேகம் குறைந்தால் பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டு உங்கள் பக்கமே திரும்பும். இடம் வலமாகத் தவறினால் அது வேறு கதை, பெரும்பாலும் அவசரம் அல்லது எதிராளியின் கை. புள்ளிகளை எண்ணுவதற்குப் பதிலாகத் தவறிய 18 ஷாட்டும் எங்கே பட்டன என்று பார்த்தால் இந்தச் சண்டைக்கு ஏதாவது வெளிச்சம் கிடைக்கும்.

கணக்குப்புலி:
தவறிய 18 ஷாட். பார்த்தீர்களா, டாக்டரே சொல்லிவிட்டார்.

பிசியோ பிரபா:
நான் அதையா சொன்னேன்?

கோர்ட் கோமளா:
பிரபா, நீங்கள் சொன்ன முன் விளிம்பு விஷயம் நூற்றுக்கு நூறு. என் பிள்ளைகளிடம் இதைத்தான் பார்ப்பேன். கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்பும் லைன் ரன் ஓடவிட்டு, மூச்சு அடங்குவதற்குள் கையில் பந்தைக் கொடுத்து ஃப்ரீ த்ரோ போடச் சொல்வேன். முதல் சுற்றில் வலைக்குள் போகும் பந்து போகப் போக வளையத்து மூக்கில் இடித்துக் கீழே விழும். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும், கையைத்தான் குறை சொல்வாள். முழங்காலை மடக்கு என்று கத்துவேன். களைப்பு என்றால் எனக்குத் தெரியும் ஐயா, ஸ்கோர் அட்டையில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை.

ஓய்வுபெற்ற விசில்:
லைன் ரன் இன்னும் ஓடவிடுகிறீர்களா? அதெல்லாம் தண்டனை, பயிற்சி அல்ல. பல் தேய்க்கும் முன்னே சிமெண்ட் தரையில் ஓடவிட்டு முழங்காலைக் கெடுத்த கோச்சுகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம் என்று உலகத்துக்கே தெரியும்.

கோர்ட் கோமளா:
தண்டனையாக ஓடவிட்டால் தண்டனை. அளவாக, நேரம் குறித்து, நடுவில் ஓய்வு கொடுத்து ஓடவிட்டால் பயிற்சி. எப்படிக் குதித்து இறங்குவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் நான் ஓடவே விடுவேன். உங்களைப் போன்ற ஒரு நடுவர், எங்கள் கல்லூரி நாட்களில், கடைசி நிமிடத்தில் ட்ராவலிங் (பந்தைத் தட்டாமல் அடி வைத்த தவறு) என்று ஊதி ஒரு கோப்பையையே பறித்தார். விசில் ஊதுகிறவர்கள் பயிற்சி பற்றிப் பேச வந்தால் எனக்கு அது ஞாபகம் வரும்.

ஓய்வுபெற்ற விசில்:
ட்ராவலிங் என்றால் ஊதத்தான் வேண்டும். எந்த நடுவராக இருந்தாலும்.

கோர்ட் கோமளா:
பிவட் கால், தரையில் ஊன்றிய கால், அசையவே இல்லை.

வைகைத்தம்பி:
திரி எங்கே போகிறது?

பிசியோ பிரபா:
நம் ஊர்ப் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தம் இல்லை, தம் இல்லை என்று கத்துவதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவதே ஹீமோகுளோபின்தான். அது குறைவாக உள்ள பெண்ணைக் காலை ஐந்தரைக்கு எழுப்பி எத்தனை ரவுண்டு ஓடவிட்டாலும் நான்காவது பகுதியில் திணறத்தான் செய்வாள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. விடுதிச் சாப்பாட்டில் கீரையும் முட்டையும் வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று எந்தக் கோச்சாவது கேட்கிறாரா?

சுண்டல் பார்ட்டி:
சுண்டல் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டாக்டர்.

கணக்குப்புலி:
அப்படியானால் பெண்கள் அணிகளுக்குத் தம் இல்லை என்று நான் சொன்னது சரிதானே? 53 சதவீதம். நான் சொன்னால் தப்பு, கணக்கெடுப்பு சொன்னால் சரியா?

கோர்ட் கோமளா:
அடடா! ஐயோவாவில் ஆடின பெண்ணுக்கு விருதுநகர் ரத்தப் பரிசோதனை. பொதுமக்கள் கணக்கெடுப்பைத் தூக்கி விளையாட்டு வீராங்கனைகள் தலையில் வைக்கிறீர்கள். நம் ஊரிலேயே அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர், 2021-ல் பத்மஸ்ரீ. தம் இல்லாமலா அத்தனை வருடம் ஆடினார்?

கணக்குப்புலி:
ஒரு அனிதாவைக் காட்டி எல்லோரையும் மூடாதீர்கள். பொதுவாகச் சொன்னேன்.

கோர்ட் கோமளா:
பொதுவாகச் சொன்னவர் ஏன் கிளார்க் ஒருவரைக் காட்டினீர்கள்?

கொலம்பியா குமார்:
இவ்வளவு நேரமாக ஒருவர் கூட எங்கள் அணியின் ரேவன் ஜான்சன் பெயரைச் சொல்லவில்லை. 2023-ல் கிளார்க் “நீ எறி பார்க்கலாம்” என்று கையை வீசி அவளைக் காவல் இல்லாமல் விட்டது நினைவிருக்கிறதா? அந்தப் பெண் அந்த அவமானத்தை வைத்தே ஒரு வருடம் உழைத்தாள். இறுதி ஆட்டத்தில் கிளார்க்கை விரட்டியது அவள். ஸ்டாமினா என்றால் வன்மமும் சேர்த்துத்தான்.

கோர்ட் கோமளா:
இதைத்தான் தம்பி நான் என் முதல் பதிவிலிருந்து டிஃபென்ஸ், டிஃபென்ஸ் என்று கத்துகிறேன்.

கொலம்பியா குமார்:
நீங்கள் ஸ்டேலி பெயரைத்தான் சொன்னீர்கள். ரேவன் பெயரைச் சொல்லவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

நிர்வாகி:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ட்ராவலிங் பற்றிப் பேச விதிகள் பகுதியில் தனித் திரி இருக்கிறது.

ஓய்வுபெற்ற விசில்:
அந்தத் திரியில் இதை முழுவதுமாக விளக்கிப் பதிவு போட்டிருக்கிறேன். பிவட் கால் அசையவில்லை என்று சொல்கிறவர்கள் அங்கே வரலாம்.

கோர்ட் கோமளா:
வருகிறேன். அந்த ஆட்டத்தின் வீடியோ கேசட் எங்கள் கேப்டன் வீட்டில் இன்னும் இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். கணக்குப்புலி ஐயா, நீங்கள் எங்கேயும் போய்விடாதீர்கள், உங்களுக்கு ரீபவுண்ட் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.