ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போட் பயணம், அப்பாவுக்கு டனல் ஒத்துக்குமா?

வணக்கம், ஒரு உதவி வேணும். இங்கிலாந்துல ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயில நேரோபோட் (கால்வாய்ல ஓட்டற ஒடுக்கமான நீள போட்) எடுத்து அப்பா அம்மாவோட மெதுவா போலாம்னு இருக்கோம், அப்பா விருத்தாசலத்துல பீங்கான் வேலை பாத்தவர், அதனால ஸ்டோக்ல மிடில்போர்ட்ங்கற இடத்துல பாட்டில் மாதிரி நிக்கற அந்த செங்கல் சூளைய தண்ணியில இருந்தே அவருக்கு காட்டணும்னு ரொம்ப ஆசை. பீங்கான் தொழில் நடத்தின வெட்ஜ்வுட் தன்னோட சாமான் உடையாம போய்ச் சேரணும்னு முன்ன நின்னு கொண்டுவந்த கால்வாயாச்சே, 1777ல முடிஞ்சது.

அதத் தாண்டினா ஹேர்காசில் டனல், இன்ஜினியர் டெல்ஃபோர்ட் கட்டி 1827ல திறந்தது, ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல முழு இருட்டு, இரும்பு கலந்து தண்ணியே துரு கலர்ல இருக்கும். அப்பாவுக்கு மூச்சு இரைப்பு உண்டு, உள்ள டீசல் புகை தங்குமா? அம்மாவுக்கு மூட்டு வலி, ஸ்டோக்ல வரிசையா அஞ்சு லாக் (தண்ணி மட்டத்த ஏத்தி இறக்கி போட்ட கடத்தற கதவு போட்ட தொட்டி) வருதே, நாங்க கதவ தள்ளும்போது அவங்க போட்லயே உக்காந்திருக்கலாமா? பெரியவங்கள கூட்டிட்டு போனவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ், ஸ்டோக்ல எட்ரூரியா பக்கம் ராத்திரி போட் கட்ட நல்ல இடம் தெரிஞ்சாலும் சொல்லுங்க.