இங்கிலாந்தில் தனியாக இரண்டு வாரம்: ரயிலா, வாடகைக் காரா?

கேள்வி: பெரம்பூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான், வயது 61. வரும் ஜூன் மாதம் இங்கிலாந்துக்குத் தனியாகப் போய்ச் சுமார் இரண்டு வாரம் சுற்றி வர விரும்புகிறேன். விசா கிடைத்துவிட்டது. ஈஸ்ட் ஹாமில் என் தங்கை மகள் இருப்பதால் லண்டனில் தங்குவதைப் பற்றிக் கவலையில்லை. லண்டனை விட்டுக் கிளம்பிய பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

யார்க் நகரம், வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் ஏரிகள், மான்செஸ்டரைச் சுற்றியுள்ள பழைய பஞ்சாலைகள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். என் தந்தை பி அண்டு சி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை செய்தவர். அங்கே ஓடிய தறிகள் மான்செஸ்டரை ஒட்டிய லங்காஷயரிலிருந்து வந்தவை என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், அந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது. குழுச் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளும்படி வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் ஒரு தறியின் முன்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் எந்தக் குழு எனக்காகக் காத்திருக்கும்?

மணலி சாலையிலும் எண்ணூர் பக்கமும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பல ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருகிறேன், கியர் வண்டிதான். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ஹீத்ரோவிலேயே கார் எடுத்து முழுப் பயணத்தையும் அதிலேயே முடிக்கலாமா, அல்லது முழுவதும் ரயிலிலேயே போய்வரலாமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: தண்டையார்பேட்டை, முன்பு லீட்ஸில் வசித்தவர்

வணக்கம் அம்மா. ஹீத்ரோவில் கார் எடுக்கவே வேண்டாம். நீண்ட விமானப் பயணம் முடிந்த களைப்போடு எம்25 வட்டச்சாலையில் இறங்குவது யாருக்கும் நல்லதல்ல. லண்டனுக்குள் காரால் பயனும் இல்லை. நகர மையத்துக்குள் நுழைந்தாலே நெரிசல் கட்டணம் கட்ட வேண்டும், நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். நகரங்களுக்கிடையே உள்ள நெடுந்தூரத்தை ரயிலுக்கு விட்டுவிட்டு, ரயில் அதிகம் எட்டிப்பார்க்காத ஏரிப்பகுதிக்கு மட்டும் காரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தோதாக ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து லீட்ஸ் அரை மணிக்குள். லீட்ஸிலிருந்து செட்டில் வழியாகக் கார்லைல் போகும் மலைப்பாதை ரயிலில் ஏறுங்கள். கார்லைலில் காரை எடுத்து, ஏரிகளைச் சுற்றிவிட்டு, அதே ஊரிலேயே திருப்பிக் கொடுங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். இந்த ஏற்பாட்டில் அது மிச்சமாகும். பிறகு கார்லைலிலிருந்து ரயிலில் மான்செஸ்டர், மான்செஸ்டரிலிருந்து 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணித்தால் லண்டன் யூஸ்டன். போன வழியிலேயே திரும்பி வர வேண்டியதில்லை.

டிக்கெட் விஷயம் நம் ஊர் வழக்கத்திலிருந்து மாறுபட்டது. காத்திருப்போர் பட்டியல் என்ற ஒன்று அங்கே கிடையாது. எந்த நேரத்து ரயிலிலும் ஏற அனுமதிக்கும் எனிடைம் டிக்கெட் மிக விலை உயர்ந்தது. அலுவலக நேர நெரிசலைத் தவிர்த்த ஆஃப்-பீக் டிக்கெட் அதற்கு அடுத்தது. குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் அட்வான்ஸ் டிக்கெட் எல்லாவற்றிலும் மலிவு. நெடுந்தூர ரயில்களுக்கான அட்வான்ஸ் டிக்கெட் பெரும்பாலும் 12 வாரங்களுக்கு முன் விற்பனைக்கு வரும். லண்டன்–யார்க், மான்செஸ்டர்–லண்டன் இரண்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள். மற்றவற்றை அங்கே போய் வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை.

உங்களுக்கு 60 வயது நிறைந்திருப்பதால் சீனியர் ரயில்கார்டு வாங்கத் தகுதி உண்டு. ஓராண்டுக்கு 35 பவுண்டு. பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்த நாட்டுக் குடியுரிமை தேவையில்லை, பாஸ்போர்ட்டே வயதுச் சான்று. இந்த ஒரே சுற்றில் அட்டையின் விலை திரும்பிவிடும் என்பது என் கணக்கு. வெளிநாட்டவருக்கென்றே உள்ள பிரிட்ரெயில் பாஸும் இருக்கிறது; ஆனால் நாள்தோறும் நெடுந்தூரம் போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும், உங்கள் திட்டத்துக்குத் தேவையில்லை.

மறுமொழி: அயனாவரம், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்

தம்பி சொன்ன பாதையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பணியாற்றியவன் என்ற முறையில் இன்னும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

யார்க்கில் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். அனுமதி இலவசம், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. நீல வண்ணம் பூசிய அதன் உடலில் சக்கரங்களின் மேற்பகுதியைக்கூடக் காற்று தடைபடாதபடி தகட்டால் மூடி வளைத்திருக்கும் நேர்த்தியை அருகில் நின்று பார்க்க வேண்டும்; பட்டறையில் தகடு வளைத்தவர்களுக்கு அதை விட்டு நகர மனம் வராது.

செட்டில்–கார்லைல் பாதை 1870களில் கட்டப்பட்டது. 1980களில் அதை மூடிவிடத் திட்டமிட்டார்கள். பொதுமக்கள் விடாமல் போராடியதால் 1989ல் அந்த முடிவைக் கைவிட்டார்கள். வழியில் ரிபிள்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகள் கொண்ட கல் பாலத்தின் மேல் ரயில் போகும். ரயிலுக்குள் இருந்தால் அதன் அழகு தெரியாது. ரிபிள்ஹெட் நிலையத்தில் இறங்கி, பாலத்தின் அடிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள். இடையில் இறங்கி ஏறுவதற்கு ஆஃப்-பீக் டிக்கெட் பொதுவாக இடம் கொடுக்கும், அட்வான்ஸ் டிக்கெட் கொடுக்காது. ஆகையால் இந்தப் பகுதிக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம். இரண்டு ரயில்களுக்கு நடுவே சில சமயம் 2 மணி நேரம்கூட இடைவெளி இருக்கும், கால அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். காற்று பலமாக வீசும் இடம். ஜூன் மாதமானாலும் ஸ்வெட்டர் தேவைப்படும்.

மான்செஸ்டரில் 1830ல் திறந்த லிவர்பூல் ரோடு நிலையம் அறிவியல், தொழில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. இன்று உலகில் எஞ்சி நிற்கும் பயணிகள் முனைய நிலையங்களில் அதுவே மிகப் பழையது. நம் ராயபுரம் நிலையம் 1856ல் வந்தது. இரண்டுக்கும் நடுவே 26 ஆண்டுகள்தான். அங்கே பழைய கட்டடங்களில் சீரமைப்பு வேலை நடந்து வருவதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ராயபுரம் நிலையத்துக்கும் இப்படி ஒரு கவனிப்பு கிடைக்க வேண்டும் என்பது வடசென்னைக்காரனான என் நெடுநாள் விருப்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில பாதைகளை மூடிவிட்டுப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். நெடுந்தூரப் பயணத்தை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கொளத்தூர், தனியாகப் பயணம் செய்தவர்

அக்கா, தனியாகப் போவது என்று நீங்கள் எடுத்த முடிவைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நானும் அங்கே தனியாகக் கார் ஓட்டியவள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டே வருகையாளர்கள் அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். ஆயினும் சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கேட்கின்றன, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது பெயர். நம் பெயர்களில் தந்தை பெயர் ஓர் அட்டையில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் இருக்கும். பாஸ்போர்ட், உரிமம், கிரெடிட் கார்டு மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பெரிய வேறுபாடு இருந்தால் கிளம்புமுன் சரிசெய்துவிடுங்கள். வைப்புத்தொகையை ஓட்டுபவரின் சொந்தக் கிரெடிட் கார்டில்தான் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. தங்கை மகளின் கார்டும் செல்லாது.

வாடகையோடு வரும் காப்பீட்டில், வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் முதல் ஆயிரம் பவுண்டோ அதற்கு மேலோ நாம் ஏற்க வேண்டும் என்றிருக்கும். அந்தத் தொகைக்கும் காப்பீடு உண்டு. கவுன்டரில் வாங்குவதை விட முன்பே தனியாக வாங்கினால் பெரும்பாலும் மலிவாக முடியும். வண்டியை எடுக்கும்போது நான்கு சக்கர விளிம்புகளையும் குனிந்து படமெடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய சாலைகளில் கல்லில் உரசுவது அந்த இடம்தான்.

சாலை விதிகளில் உங்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட்டே தீர வேண்டும். அங்கே முந்திக்கொண்டு மூக்கை நுழைப்பவர் யாருமில்லை. வேகம் மைலில் கணக்கு: ஊருக்குள் பெரும்பாலும் 30, பல இடங்களில் 20, நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் 60, மோட்டார்வேயில் 70. வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை அந்தச் சாலைக்கான தேசிய உச்ச வேகத்தைக் குறிக்கிறது. அந்த வேகத்தில் போயாக வேண்டும் என்று பொருளல்ல. ஏரிப்பகுதியின் வளைவுகளில் 30க்கு மேல் போக முடியாத சாலைக்கும் அதே பலகைதான் இருக்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நம் ஊரில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை மினுக்கினால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள். அங்கே பெரும்பாலும் ‘நீங்கள் முதலில் வாருங்கள்’ என்பதற்காக மினுக்குகிறார்கள். இருபுறமும் கற்சுவர் எழுப்பிய, ஒரே ஒரு கார் போகக்கூடிய சாலைகள் அங்கே ஏராளம். ஆங்காங்கே ஒதுங்குவதற்குச் சிறு இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் எடுத்து வழிவிடுவார், கடந்து போகிறவர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். அந்தச் சூழலில் மினுக்கலைத் தவறாகப் புரிந்துகொண்டால் இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டியிருக்கும், அல்லது இருவரும் சேர்ந்தே புறப்பட்டுவிடுவோம். ஹார்டுநாட் கணவாய்ச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள்; மூன்றடிக்கு ஓரடி என்ற அளவில் ஏறும் செங்குத்துச் சாலை அது. கியர் வண்டி பழகியவரானாலும் ஆட்டோமேட்டிக் கிடைத்தால் அதையே எடுங்கள், தனியாக ஓட்டும்போது கவனம் முழுவதும் சாலையில் இருக்கும்.

மறுமொழி: வியாசர்பாடி

நானும் மில் தொழிலாளியின் மகன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கார் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கெண்டலிலிருந்து விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாகக் கெசிக் போகும் 555ஆம் எண் பேருந்து ஏரிகளின் ஓரமாகவே ஓடுகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளுக்கு இப்போது ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டுக்கு மேல் போகாது. மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்தால் கற்சுவருக்கு அப்பாலும் பார்க்கலாம். காரில் இருப்பவருக்குச் சுவர்தான் தெரியும். வாஸ்ட் வாட்டர் போன்ற ஒதுக்குப்புற ஏரிக்கு மட்டும் கார் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பஞ்சாலைக்கு வருகிறேன். மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு அருகே ஸ்டையலில் குவாரி பேங்க் மில் இருக்கிறது, 1784ல் தொடங்கியது. ஆனால் உங்கள் தந்தையின் தறியைத் தேடுவதாக இருந்தால் பர்ன்லிக்குப் போங்கள். மான்செஸ்டர் விக்டோரியாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு ஊருக்குள் பேருந்து. அங்குள்ள குயின் ஸ்ட்ரீட் மில் 1982 வரை துணி நெய்த ஆலை. முந்நூறுக்கும் மேற்பட்ட லங்காஷயர் தறிகள் ஒரே கூடத்தில் நிற்க, ஒற்றை நீராவி எஞ்சினிலிருந்து கூரையோரத் தண்டும் தோல் பட்டைகளும் அத்தனை தறிகளுக்கும் விசையைக் கொண்டுபோகும். அவற்றில் சிலவற்றை மட்டும் இயக்கிக் காட்டினாலே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்த ஊர் நெசவாளிகள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். என் அப்பா வீட்டிலும் உரத்த குரலில் மட்டுமே பேசியது ஏன் என்பதை அந்தக் கூடத்தில் நின்றபோது உடம்பால் உணர்ந்தேன். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடமல்ல அது; எந்தெந்தக் கிழமை திறப்பு, தறி ஓட்டிக் காட்டுவது எப்போது என்று கேட்டறிந்து, மற்ற ஊர்களின் தேதியை அதற்கேற்ப அமையுங்கள்.

கேட்டவர்: பெரம்பூர் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பர்ன்லியை முதலில் உறுதி செய்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றிப் பொருத்தப் போகிறேன். ஏரிப்பகுதியில் கெசிக்கில் தங்கி, 555 பேருந்தில் ஒரு பகல் போய்வந்து, வாஸ்ட் வாட்டருக்கும் கார்லைல் பக்கத்து ரோமானியப் பெருஞ்சுவருக்கும் காரைப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. சனிக்கிழமை மாலை கார்லைல் போய்ச் சேர்ந்து காரை எடுப்பதில் சிக்கல் உண்டா?

மறுமொழி: கொளத்தூர், தனியாகப் பயணம் செய்தவர்

உண்டு அக்கா. விமான நிலையங்களைத் தவிர்த்த ஊர்களில் வாடகைக் கார் அலுவலகங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடும். ஞாயிறு பல இடங்களில் விடுமுறை. வார நாளில், அதுவும் காலையில், எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை கார்லைலில் தங்கிவிட்டால் ரிபிள்ஹெட்டில் இறங்கி ஏறவும் அவசரம் இருக்காது. முதல் ஓட்டமாக ரோமானியச் சுவரின் பேர்டாஸ்வால்டு கோட்டைக்குப் போங்கள். வாஸ்ட் வாட்டர் சாலையை விட அது எளிது, வண்டி கைக்குப் பழகிவிடும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் திரும்பி வர இருட்டிவிடுமே என்ற கவலையும் வேண்டாம். போர்ட்டர் என்று யாரும் கிடையாது, நடைமேடைப் படிகளில் நாமே தூக்க வேண்டும். ஆகவே பெரிய பெட்டியை ஈஸ்ட் ஹாமிலேயே வைத்துவிட்டு ஒரு கையால் தூக்கக்கூடிய சிறு பெட்டியோடு வடக்கே கிளம்புங்கள்.